பழைய பெட்டியில் புது ஓஎஸ் ஏற மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. வீட்டு உபயோகத்தினர் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும், அவ்வளவுதான். குமரி மாவட்டத்தில் வீட்டு மேசையிலும் ஜெராக்ஸ் கடையிலும் டியூஷன் சென்டரிலும் எட்டுப் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிப் பெட்டிகளுக்கு இப்போது ஓஎஸ் (இயங்குதளம்) மாற்ற வேண்டிய கட்டாயம் வந்திருப்பது இதனால்தான்.

பாதியில் நின்றுபோகும் அப்கிரேடுக்கு மைக்ரோசாஃப்டைத் திட்டுவது வழக்கம். பழைய பெட்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் வேறு: தேய்ந்த ஹார்ட் டிஸ்க், அடுத்தது கரண்டும் சூடும், அதற்குப் பிறகுதான் மென்பொருள். கீழே உள்ளவற்றை அந்த வரிசையை மனதில் வைத்தே படியுங்கள்.

தொட்டுப் பார்க்கும் முன்

படம், சான்றிதழ் ஸ்கேன், டேலி டேட்டா எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். "டி டிரைவில்தான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்பது காப்பி அல்ல. சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு நான்கு வரிகளைப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசிக் கட்டத்தில் எல்லாம் சுழியாக இருந்தால் நல்லது. 05இல் எண் இருந்தால் டிஸ்க் கெட்ட இடங்களை ஒதுக்கி மாற்றிடம் கொடுத்திருக்கிறது. சி5இல் எண் இருந்தால் படிக்க முடியாத இடங்கள் இப்போதே இருக்கின்றன. அந்த டிஸ்க்கில் எந்த ஓஎஸ்ஸும் ஒழுங்காக ஏறாது, ஏறினாலும் நிலைக்காது. நான்காவது வரி சி7. இது மட்டும் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் தளர்ந்திருக்கிறது. கேபிளை மாற்றி மறுபடி பாருங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, ஆனால் மேலே ஏறாமல் நின்றுவிட்டால் கோளாறு தீர்ந்தது.

சி5 எகிறிய டிஸ்க்கில், விண்டோஸின் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கைக் கெட்ட இடம் தேடும் முறையில் (/r) உடனே ஓட விடுவது பலரும் செய்யும் தவறு. அது டிஸ்க் முழுவதையும் மூலைக்கு மூலை படிக்க வைக்கும்; சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே போய்விடலாம். முதலில் டேட்டாவை எடுங்கள், மற்றது பிறகு.

பெட்டியை அணைத்து மறுநாள் போட்டால் தேதி பின்னுக்குப் போய் நிற்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி, மல்டிமீட்டரில் 2.8க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தேதி தவறினால் அப்டேட் சர்வர் தன் சான்றிதழைக் காட்டியும் பெட்டி நம்பாது, பதிவிறக்கம் தொடங்கவே தொடங்காது. அதைவிட மோசம், பயாஸ் (ஓஎஸ்ஸுக்கு முன்பே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் ஆலை நிலைக்குத் திரும்பிவிடும். அதன் விளைவு நீலத்திரைப் பகுதியில் வருகிறது.

"இந்த பிசியில் விண்டோஸ் 11 ஓடாது" என்கிறது

பிராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ3-4005யு என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வ ஆதரவு. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து, அதிலும் எல்லா மாடலும் இல்லை. 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் வசதி) ஆகியவையும் வேண்டும்.

எட்டாம் தலைமுறைப் பெட்டியும் இந்தச் செய்தியைக் காட்டினால் டிபிஎம் அணைந்து கிடக்கிறது என்று பொருள். பயாஸில் இன்டெல் பெட்டிக்கு பிடிடி, ஏஎம்டி பெட்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். எனேபிள் செய்தால் போதும்.

செக்யூர் பூட்தான் கொஞ்சம் வேலை வாங்கும். டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியல் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் முதலில் புதிய ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது, டேட்டா அழியாமல் மாற்றித் தரும். ஆனால் பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, லாஜிக்கல் பார்ட்டிஷன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம்மூரில் ஓஎஸ் போடும்போதே சி, டி, இ, எஃப் என்று பிரித்துப் படத்துக்கு ஒன்று பாட்டுக்கு ஒன்று என்று கொடுப்பது பழக்கம். அந்தக் கடைசி டிரைவ்கள் பெரும்பாலும் லாஜிக்கலாகத்தான் இருக்கும், அங்கே கருவி நின்றுவிடும். அந்த டிரைவ்களின் டேட்டாவை வெளியே எடுத்து, டிஸ்க் மேனேஜ்மெண்டில் அவற்றையும் அவற்றைச் சுற்றியுள்ள எக்ஸ்டெண்டட் பகுதியையும் அழித்த பிறகு கருவியை ஓட்டுங்கள். மாற்றி முடித்ததும் பயாஸில் பூட் முறையை லெகஸியிலிருந்து (பழையது) யுஇஎஃப்ஐக்கு (புதியது) மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு "பெட்டி செத்துப்போச்சு" என்று பதறுபவர்கள் நிறைய.

சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றும் பென்டிரைவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் தயாரித்துத் தரும். அது வேலை செய்யும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆதரவில்லாத பெட்டிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2, பாப்கவுண்ட் என்ற கட்டளைகள் இல்லாத பிராசஸரில் பூட்டே ஆகாது. கோர் 2 டுவோ பெட்டிகளின் கதை அங்கே முடிகிறது. 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும் உள்ள பெட்டியில் வலுக்கட்டாயமாக 11 போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச ஓஎஸ் போடலாம்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. 7இலிருந்து 11க்கு நேரடியாக ஏற முடியாது, ஃபார்மட் அடித்துத்தான் போட வேண்டும். 7இன் கீயை 10, 11க்குப் பயன்படுத்தும் வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. 32 பிட் விண்டோஸ் 10இல் இருப்பவர்களுக்கும் ஃபார்மட்தான் வழி. 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

பென்டிரைவ் பூட் ஆகவில்லை

பூட் மெனு வரும் பொத்தான் முதலில். டெல், லெனோவோ எஃப்12, எச்பி எஃப்9, ஏசர் எஃப்12, ஆனால் அதில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்திருக்க வேண்டும். பென்டிரைவைப் பழைய பெட்டியின் நீல போர்ட்டில் குத்தாமல் கறுப்பு போர்ட்டில் குத்துங்கள். சில போர்டுகள் நீல போர்ட்டைப் பூட் நேரத்தில் கண்டுகொள்வதில்லை.

ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை பெட்டிக்குப் பொருந்த வேண்டும்: லெகஸிக்கு எம்பிஆர், யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி. ஐஎஸ்ஓவை (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து ஒட்டினால் பூட் ஆகாது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் நிற்காது என்பதால், பெரிய ஐஎஸ்ஓவில் காப்பியே முழுதாக முடியாது.

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று அளந்து தரும் மொபைல் பிளானில் இரண்டு மூன்று நாளாக விட்டு விட்டு இறக்கிய ஃபைல் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் வரும் டிக் குறியைச் சொடுக்கினால் எஸ்எச்ஏ256 எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்த ஃபைலைத் தூக்கிப் போடுங்கள்.

சதவீதம் நகரவே இல்லை

எத்தனை சதவீதம் என்பது முக்கியம் அல்ல, டிஸ்க் விளக்கைப் பாருங்கள். மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. 5400 சுற்று லேப்டாப் டிஸ்க்கில் அப்கிரேடுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆவது இயல்பு. பொறுமை இல்லாமல் பொத்தானை அழுத்தியே பாதிப் பெட்டிகள் கெடுகின்றன. மூன்று மணி நேரம் விளக்கே எரியாமல் இருந்தால் மட்டும் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். மறுபடி போட்டால் அதுவே பழைய விண்டோஸுக்குத் திரும்பப் பார்க்கும், விடுங்கள்.

மறு முயற்சிக்கு முன் பிரிண்டர், டாங்கிள், இ-சேவை மையமாக இருந்தால் கைரேகைக் கருவி, எல்லாவற்றையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸை டிசேபிள் செய்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். லேன் வயரையும் உருவிவிட்டு, அப்டேட் எடுக்கட்டுமா என்று கேட்கும்போது இப்போது வேண்டாம் என்று கொடுங்கள்.

பிழை எண் வந்தால் முதலில் வரும் 0x-க்கு அடுத்த எட்டு இடங்களைப் படியுங்கள். 80070070 என்றால் சி டிரைவில் இடமில்லை. குறைந்தது 32 ஜிபி காலி இருக்கும்படி டிஸ்க் கிளீன்அப் ஓட்டுங்கள். ஹைபர்னேஷனை அணைத்தால் சில ஜிபி தானாகக் கிடைக்கும். சி1900101 என்று தொடங்கினால் ஏதோ ஒரு டிரைவர் தகராறு. பழைய கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். சி1900208 என்றால் பொருந்தாத மென்பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது. சி1900200 என்றால் பெட்டிக்கே தகுதி இல்லை. 8007025டி வந்தால் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம்: பென்டிரைவ், ரேம், டிஸ்க் மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது, டிஸ்க்கை முன்பே பார்த்தாயிற்று என்றால் மீதி இரண்டு.

நடுவில் அணைந்துவிடுகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

அப்கிரேடு நேரத்தில் பிராசஸர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். சாதாரண நாளில் தெரியாத கோளாறு அன்றுதான் வெளியே வரும்.

முதலில் சூடு. ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி கம்பளி போல அடைந்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுங்கள். பிடிக்காமல் புளோயர் அடித்தால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்து, நடுவில் ஒரு பயறு அளவு புதிதாக வைத்தால் போதும், பூசி மெழுக வேண்டாம். கேபினட்டைத் திறக்கும்போது எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருக்கிறதா என்று எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குக் கரண்ட் தரும் பகுதி) பக்கம் ஒரு கண் போடுங்கள்.

அடுத்து ரேம். கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளைத் துடைத்து மாட்டுங்கள். மெம்டெஸ்ட்86+ பென்டிரைவில் பூட் செய்து ஒரு சுற்று முழுதாக ஓடட்டும். சிவப்பில் ஒரே ஒரு வரி வந்தாலும் அந்த ரேம் ஆகாது.

குளச்சல், முட்டம், தூத்தூர், மணக்குடி என்று கடலோரத்தில் இருக்கும் பெட்டிகளுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்று ரேம் ஸ்லாட், சாட்டா முனை, யுஎஸ்பி போர்ட் எங்கும் பச்சை பூக்க வைக்கும். ரப்பர் தேய்ப்பு ஒரு வாரம் தாங்கினால் பெரிது. 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு ஸ்லாட்டின் உள்ளே தேய்த்து, அரை மணி நேரம் உலரவிட்டு மாட்டுங்கள். மெடிக்கல் ஷாப் சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, ஈரம்தான் எதிரி. ஆடிச் சாரலில் நாள்கணக்கில் போடாமல் கிடந்த பெட்டியை நேரே அப்கிரேடில் ஏற்றாமல் ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டு உள்ளே காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

மூன்றாவது கரண்ட். எஸ்எம்பிஎஸ் உள்ளேயும் (வெளித்துளை வழியாகத் தெரியும் அளவுக்கு) போர்டில் பிராசஸரைச் சுற்றியும் நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தால் லோடு ஏறும்போது பெட்டி அணையும். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்காதீர்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் இருக்கும். 600 விஏ யுபிஎஸ் புது பேட்டரியோடு ஒரு சாதாரண டெஸ்க்டாப்பைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். மூன்று வருடப் பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கினால் அதிர்ஷ்டம். தொடங்குமுன் பிளக்கை உருவிச் சோதித்துவிடுங்கள். லேப்டாப்பில் பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ். சித்திரை வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில்தான் இடி இறங்கும், தென்னை மட்டை லைனில் விழுந்தாலும் கரண்ட் போகும். காலையில் தொடங்குங்கள். மோடத்தின் வயர் வழியாகவும் மின்னல் வரும், யுபிஎஸ் அதைத் தடுக்காது.

ஏறிவிட்டது, ஆனால் கறுப்புத் திரை அல்லது நீலத்திரை

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பலனில்லையென்றால், லோகோ வரும்போது பவரை அணைப்பதை மூன்று முறை செய்யுங்கள். ரெக்கவரி திரை வரும். அங்கிருந்து சேஃப் மோடுக்குப் போய் கிராபிக்ஸ் டிரைவரை நீக்கலாம்.

நீலத்திரையில் இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ் என்று வந்தால் பயாஸில் சாட்டா முறையைப் பாருங்கள். ஏஎச்சிஐ முறையில் போட்ட விண்டோஸ், ஐடிஇ முறைக்கு மாறினால் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்காது. இதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள், அந்தத் தீர்ந்துபோன சிஆர்2032 பேட்டரி மாற்றியிருக்கும்.

புது விண்டோஸ் பிடிக்கவில்லை, பழையதுக்கே போக வேண்டும் என்றால் 10 நாள் அவகாசம் உண்டு: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக். அதற்குள் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை இடம் காணாது என்று அழித்துவிடாதீர்கள்.

டிஸ்க் 100 சதவீதம், ஆமை வேகம்

முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும். அப்டேட்டும் தேடல் பட்டியல் தயாரிப்பும் பின்னால் ஓடும். அதற்குப் பிறகும் நீடித்தால் சுற்றி வளைக்க வேண்டாம், 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பழைய போர்டின் சாட்டா 2 வேகத்தில் மாட்டினாலும் சுழலும் டிஸ்க்கோடு ஒப்பிடவே முடியாது. ரேம் வாங்கும்போது மட்டும் கவனம்: பழைய லேப்டாப்பில் டிடிஆர்3, நான்காம் தலைமுறை மெல்லிய லேப்டாப்பில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல். 1.5 வோல்ட் ரேமை அதில் மாட்டினால் திரையே வராது.

வைஃபை காணவில்லை, பிரிண்டர் அடிக்கவில்லை

வைஃபை டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை வேண்டும் என்ற சிக்கலில் மாட்டினால் போனை யுஎஸ்பி வயரில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். விண்டோஸும் லினக்ஸும் அதை டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும்.

பிரிண்டரில், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு வந்தவர்களுக்குப் பழைய சிடி உதவாது. ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் எல்பிபி2900 போன்றவற்றுக்கு 64 பிட் டிரைவரைத் தனியாக இறக்கி, அது கேட்கும்போது மட்டும் வயரைக் குத்துங்கள்.

தமிழ் எழுத்து மாறிப்போச்சு

இரண்டு வகை. கடிதம் தமிழிலேயே இருக்கிறது, ஆனால் வரிகள் நீண்டு பக்கம் மாறிவிட்டது என்றால் லதா ஃபாண்ட் இல்லை. விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் கூடுதல் ஃபாண்ட்களாக ஒதுக்கப்பட்டுவிட்டன. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் பழைய அமைப்பு திரும்பும்.

எழுத்தே ஆங்கிலக் குப்பையாக வருகிறது என்றால் அது பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்டில் அடித்த ஃபைல். ஃபாண்ட் ஃபைல் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டருக்குள் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். காப்பி எடுத்து வலது சொடுக்கி இன்ஸ்டால் கொடுங்கள். அழைப்பிதழ் அடிக்கும் டிடிபி கடைக்காரர்கள் அப்கிரேடுக்கு முன்பே ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வைப்பது நல்லது. தட்டச்சுக்குத் தனி மென்பொருள் தேடவும் வேண்டாம். 2019 மே பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

லினக்ஸ் மிண்ட் போட்ட பெட்டியில்

பழைய பெட்டிக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. பென்டிரைவிலேயே ஓடவிட்டு வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் பார்த்த பிறகே இன்ஸ்டாலைத் தொடுங்கள்.

திரை கறுத்துப்போனால் பூட் மெனுவில் காம்பாட்டிபிளிட்டி மோட் தேர்ந்தெடுங்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் மிண்ட் போட்டவர்களுக்கு டி டிரைவ் திறக்கும், ஆனால் எதையும் சேமிக்க முடியாது என்றால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள்.

மிண்ட்டிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். பேட்டரி கோளாறு அல்ல. மிண்ட் போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம் நேரம் என்று படிக்கிறது. மிண்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று கொடுத்தால் இரண்டும் ஒரே மணி காட்டும்.